வாசகர் கேள்வி: ஊசி போட்டு எடுக்கும் ஸ்கான்

கேள்வி: அப்பாவின் இடது சிறுநீரகத்தில் நெடுநாளாகக் கல். அல்ட்ராசவுண்டில் சிறுநீரகம் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். இப்போது பேராதனைக்குப் போய் டிடிபிஏ ஸ்கான் எடுத்துவரச் சொல்கிறார்கள். கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றுவார்களாம். "அணுகுண்டை உடம்புக்குள் விடவா?" என்று அப்பா அடம்பிடிக்கிறார். ஒரு ஸ்கான் எடுத்த பிறகு இது எதற்கு ஐயா?
– ஒரு மகள், மூதூர்

பதில்: மகள், ஓய்வு பெறும்வரை எனக்கு இந்த ஸ்கான் எடுக்கும் கமரா அறையில்தான் வேலை. விடியற்புறம் பஸ் ஏறி, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று குலுங்கி வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். பாதிப் பேர் உங்கள் அப்பா கேட்டதைத்தான் கேட்பார்கள்.

அல்ட்ராசவுண்ட் உருவத்தைக் காட்டும். வீங்கிய சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறதா என்பதை அது சொல்லாது; டிடிபிஏ ஸ்கான்தான் சொல்லும். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பார்த்தாலும் பிடிபடாமல் போகலாம். வலது பக்கம் நன்றாக இருந்தால் இரண்டின் வேலையையும் அதுவே இழுத்துக்கொண்டு போகும், ரிப்போர்ட்டும் ஒழுங்காக வரும். டொக்டருக்கு வேண்டியது, மொத்த வேலையில் இடது பக்கத்தின் பங்கு எத்தனை வீதம் என்பது. கல்லை மட்டும் எடுப்பதா, சிறுநீரகத்தையே எடுப்பதா என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு வேண்டும்.

அப்பாவை மல்லாந்து படுக்க வைப்பார்கள். கமரா முதுகுப் பக்கம், கட்டிலுக்குக் கீழே இருக்கும். மருந்து சொற்பம், பார்த்தால் வெறும் தண்ணீர். ஊசிக்குழாயைச் சுற்றிய கனத்த உறையைக் கண்டு பயப்பட வேண்டாம்; அது நாள் முழுக்க ஊசி போடுகிறவரின் விரல்களுக்காக. ஏற்றியதும் திரையில் முதலில் இதயம் மினுங்கும். பிறகு நடுவே பெருநாடி ஒரு கோடாக இறங்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் சிறுநீரகங்கள் புள்ளி புள்ளியாக நிறையத் தொடங்கும். இரத்தம் குறைவாகப் போகும் பக்கம் பிந்தி, மங்கலாகத் தெரியும். இவ்வளவும் முதல் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நான் சலிக்காமல் பார்த்தது இதைத்தான்.

அப்புறம் இருபது, முப்பது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். மருந்து வடிந்து சிறுநீர்ப்பைக்கு இறங்குவதைக் கம்ப்யூட்டர் பக்கத்துக்கு ஒரு கோடாக வரையும். இறங்காமல் தேங்கினால், சிறுநீரை அதிகம் போகவைக்கும் ஃபுரோசமைட் ஊசியும் போட்டுப் பார்ப்பார்கள். வெறும் வீக்கம் என்றால் மளமளவென்று வடியும். அடைப்பு என்றால் தேங்கியே நிற்கும்.

அணுகுண்டுக்கு வருவோம். மருந்தில் இருப்பது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். ஆறு மணித்தியாலத்தில் பாதியாகும், மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரில் கழிவது வேறு. இயற்கையிலிருந்து மனிதர் ஓராண்டில் வாங்கும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட், இந்த ஸ்கானில் கிடைப்பது பொதுவாக அதைவிடக் குறைவு. நம் புல்மோட்டை மணலில் மொனசைட் என்ற கனிமமும் அதற்குள் கதிரியக்கத் தோரியமும் கிடக்கின்றன, அதை மிதித்துக்கொண்டுதான் மீன் வாங்கப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். 1920களிலேயே பொஸ்டனில் புளும்கார்ட் என்ற டொக்டர் ஒரு கையில் கதிரியக்கப் பொருளை ஏற்றி, மறு கைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து இரத்த ஓட்டத்தைப் படித்தார். ஸ்கான் எடுக்கும் அன்று ஒரு நாள் மட்டும் கைக்குழந்தையை அப்பா நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

கேள்வி: உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எலும்பு ஸ்கான் திகதி நோன்பு மாதத்தில் விழுந்திருக்கிறது. நோன்போடு போகலாமா, தள்ளிப் போடலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: ஊசி போட்டபின் மூன்று மணித்தியாலம் போலக் காத்திருக்க வேண்டும். மருந்து எலும்பில் ஒட்டவும், ஒட்டாதது கழியவும் அந்த நேரம். தண்ணீர் குடித்துக் குடித்துச் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். குடிக்காவிட்டால் படம் மங்கும், சிறுநீர்ப்பைக்குக் கதிர்வீச்சும் கூடும். நோயாளிக்கு உள்ள சலுகை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சந்தேகம் என்றால் மௌலவியிடம் கேளுங்கள். தள்ளிப்போடுவதைப் புற்றுநோய் டொக்டரைக் கேட்காமல் செய்யவே வேண்டாம். வர முடியாவிட்டால் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லுங்கள். இந்த மருந்தை வாங்கி அலுமாரியில் அடுக்கி வைக்க முடியாது. இலங்கையில் அணு உலை இல்லை; டெக்னீசியத்தைத் தரும் மொலிப்டினம்-99 அடைத்த கலம் (அதை ஜெனரேட்டர் என்போம்) வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அந்த மொலிப்டினமும் 66 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அதிலிருந்து டெக்னீசியத்தை அன்றன்றைக்குக் கறந்து, பெயர்ப் பட்டியலைப் பார்த்து அளந்து வைப்போம். ஒருவர் சொல்லாமல் நின்றால் அந்தப் பங்கு யாருக்கும் உதவாமல் போகும்.

கேள்வி: இறால் சாப்பிட்டால் எனக்கு உடம்பெல்லாம் தடிக்கும். இந்த ஊசி ஒத்துக்கொள்ளுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: சிடி ஸ்கானுக்கு ஏற்றும் அயடீன் சாயம் வேறு, இது வேறு. மருந்தின் அளவு மிகச் சிறியது, ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ முதலில் அதைச் சொல்லுங்கள், இறாலைப் பிறகு பார்ப்போம்.