பின் டீரெய்லர் வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 21 கியர் சைக்கிள், முன்னால் 3, பின்னால் 7. வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் நிறுத்தி வைத்திருந்த இடத்தில் கீழே விழுந்ததிலிருந்து பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற பாகம்) ஸ்போக்ஸில் உரசுகிறது. கடையில் 'ஷிமானோ கம்பெனியின் டூர்னி மாடல் போட்டால் போதும்' என்கிறார்கள். நண்பரோ 'அதே கம்பெனியின் டியோர் வாங்கு, ஆயுசுக்கும் உழைக்கும்' என்கிறார். இந்த வருஷமாவது ஏற்காடு ஏறிவிட வேண்டும் என்று ஆசை. எதை வாங்குவது?
- சேலம் வாசகர்

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, சைக்கிளுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள். டீரெய்லரில் மேலும் கீழுமாக இரண்டு குட்டிச் சக்கரங்கள் இருக்கும். அவை இரண்டும், செயின் ஓடுகிற பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக்ஸ் பக்கமாகச் சாய்ந்து நின்றால் கோளாறு பெரும்பாலும் டீரெய்லரில் இல்லை, அதைத் தாங்குகிற ஹேங்கரில். சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தாலே போதும், முதலில் வளைவது அதுதான். அலுமினிய ஃபிரேம் என்றால் ஹேங்கர் தனியாகக் கழற்றி மாட்டுகிற சின்னத் துண்டாக இருக்கும், ஆனால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும் என்பதால் பழையதைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். இரும்பு ஃபிரேம் என்றால் விவரம் தெரிந்த மெக்கானிக் அப்படியே நிமிர்த்திக் கொடுப்பார். இதைச் சரி செய்யாமல் எவ்வளவு விலையுள்ள டீரெய்லரைப் போட்டாலும் அதுவும் கோணலாகத்தான் தொங்கும்.

ஹேங்கர் சரியாக இருந்தும் டீரெய்லரே வளைந்துதான் போயிருக்கிறது என்றால், அப்புறம் வாங்கலாம். ஆனால் டியோர் வேண்டாம். அது மட்டமான பொருள் என்பதால் இல்லை, நல்ல பொருள்தான். இப்போது வருகிற டியோர் 10, 11, 12 கியருக்கானது, கைப்பிடியில் கியர் மாற்றுகிற உங்கள் 7 கியர் ஷிஃப்டரின் பேச்சு அதற்குப் புரியாது. ஷிஃப்டரை ஒரு கிளிக் தட்டினால் கேபிள் ஏறக்குறைய 3 மி.மீ. இழுபடுகிறது. உங்கள் வகை டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி 5 மி.மீ. நகர்கிறது, 7 கியரில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இருக்கிற தூரமும் அதேதான். 10 கியரிலிருந்து இந்தக் கணக்கை ஷிமானோ மாற்றிவிட்டது. மாறாக, அவர்களுடைய 7, 8, 9 கியர் மலை சைக்கிள் டீரெய்லர்களில் கணக்கு ஒன்றே. அதனால் 9 கியருக்கென்று விற்கிற ஷிமானோ ஆல்டஸ் மாடலை 7 கியரில் மாட்டினாலும் ஓடும். எத்தனை கியர் என்பது ஷிஃப்டருக்குத்தான் தெரியும், டீரெய்லருக்குத் தெரியாது!

சரி, ஏற்காடு. இங்கேதான் பல்லை எண்ண வேண்டும். உங்கள் மாதிரி சைக்கிளில் முன்னால் 42, 34, 24 பற்களும் பின்னால் 14 முதல் 28 வரையும் இருப்பது வழக்கம், உங்களுடையதில் எத்தனை என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், பல்சக்கரத்திலேயே எண் பொறித்திருந்தால் வேலை மிச்சம். அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களைக் காப்பாற்றப் போவது டீரெய்லர் இல்லை, பின் ஃப்ரீவீலின் (பின்னால் இருக்கிற பல்சக்கர அடுக்கின்) கடைசிப் பெரிய பல்சக்கரம். 28-ஐ எடுத்துவிட்டு 14-34 ஃப்ரீவீல் போட்டால் மிதிப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பாரம் குறையும். மெகாரேஞ்ச் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் 24-லிருந்து ஒரே தாவலில் 34 வரும், அந்தத் தாவல் சிலருக்குப் பிடிக்காது, எனக்கு ஏற்றத்தில் அதுபோல ஒரு நிம்மதி வேறு இல்லை.

இனி டீரெய்லருக்குக் கேட்க வேண்டியது இரண்டு எண்கள். அதிகபட்சம் எத்தனைப் பல் ஏறும், மொத்தக் கொள்ளளவு எவ்வளவு. கொள்ளளவு என்பது எவ்வளவு செயின் தளர்வை டீரெய்லரின் கூண்டு, அதாவது அந்தக் குட்டிச் சக்கரங்களைத் தாங்குகிற சட்டம், சுருட்டிக்கொள்ளும் என்பது. முன்னால் 42-ல் 24 போனால் 18, பின்னால் 34-ல் 14 போனால் 20, மொத்தம் 38. நீளக் கூண்டு ஆல்டஸ், ஷிமானோவின் இன்னொரு மாடலான அசேரா இரண்டிலும் 34 பல் ஏறும், கொள்ளளவு 43, தாராளம். நான் ஒருமுறை சல்லிசாகக் கிடைத்தது என்று ரோடு சைக்கிளின் குட்டைக் கூண்டு டீரெய்லரை வாங்கி மாட்டினேன். முன்னாலும் பின்னாலும் சின்னச் சக்கரத்தில் போட்டால் செயின் கொடித்துணி மாதிரி தொங்கியது, இரண்டிலும் பெரியதில் போட்டால் விறைத்துக்கொண்டு மிதியே நகரவில்லை.

என்னைக் கேட்டால் ஆல்டஸ். டூர்னியும் ஓடும், ஆனால் கொஞ்ச நாளில் அதன் மூட்டுகளில் ஆட்டம் வந்துவிடுகிறது. டூர்னிதான் என்று முடிவெடுத்தால், அச்சோடு சேர்த்து மாட்டுகிற கொக்கித் தகடு உள்ளதா, ஹேங்கரில் நேரடியாக முறுக்குவதா என்று பார்த்து வாங்குங்கள், இரண்டு வகையும் கடையில் இருக்கும். 34 போட்டால் பழைய செயின் நீளம் பற்றாது, புதுசு போடுங்கள். மாட்டி முடித்ததும் டீரெய்லரில் 'எல்' (L) என்று குறித்திருக்கிற திருகைச் சரிபார்க்க மறக்காதீர்கள், டீரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போகாமல் தடுப்பது அது ஒன்றுதான்.

கேள்வி: புது டீரெய்லர் போட்டும் அழுத்தி மிதித்தால் கியர் தானாகத் தாவுகிறதே?
- மதுரை வாசகர்

பதில்: செயினை அளந்தீர்களா? ஒரு ஸ்கேலை எடுத்து ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் அதற்கடுத்த 24-வது பின் சரியாக 12 அங்குலத்தில் வரும். 1/16 அங்குலம் தள்ளி வந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளி வந்தால் ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். செயின் சரி என்றால் கேபிளும் அதன் உறையும் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள், செலவு குறைவு, பலன் அதிகம்.

கேள்வி: ஷிமானோ ஷிஃப்டருக்கு வேறு கம்பெனி டீரெய்லர் சேருமா?
- திருச்சி வாசகர்

பதில்: ஸ்ராம் பொதுவாகச் சேராது, அவர்களுடைய கேபிள் கணக்கே வேறு. மைக்ரோஷிஃப்ட் 7, 8 கியருக்கு ஷிமானோ கணக்கிலேயே செய்கிறார்கள், தாராளமாகப் போடலாம். இன்னொரு விஷயம், இன்று பெரும்பாலானோர் செய்கிற சாய்ந்த இணைகர வடிவம் (டீரெய்லர் பல்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகர்கிற அமைப்பு) ஷிமானோவுடையதே இல்லை, 1964-ல் சன்டூர் என்ற ஜப்பானியக் கம்பெனி கண்டுபிடித்தது. காப்புரிமை 1980-களில் முடிந்ததும் மற்ற கம்பெனிகள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. சன்டூர் டீரெய்லர் பழைய சைக்கிளில் மாட்டியபடியே எங்காவது கண்ணில் பட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.