ஈமானின் அடிப்படைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈமானின், அதாவது நம்பிக்கையின், அடிப்படைகள் ஆறு (அல்லாஹ், மலக்குகள் எனும் வானவர்கள், வேதங்கள், நபிமார், மறுமை நாள், விதி) என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தவன் நான். ஷியா நண்பர் ஒருவர் தந்த நூலில் மார்க்கத்தின் மூலங்கள் ஐந்து என்று இருக்கிறது. மலக்குகளும் விதியும் அந்தப் பட்டியலில் இல்லை. இறைநீதியும் இமாமத்தும் (நபிக்குப்பின் சமூகத்தை வழிநடத்தும் தலைமை) இருக்கின்றன. அடிப்படையே வேறு என்றால் இவை இரண்டு மதங்கள் அல்லவா? அவரை முஸ்லிம் என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு மதங்கள் அல்ல. அதற்காக, வேறுபாடு பெயரளவில்தான் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தவும் மாட்டேன்.

நீங்கள் மனப்பாடம் செய்த ஆறும் வானவர் ஜிப்ரீல் (அலை) நபியிடம் வந்து கேள்வி கேட்ட ஹதீஸில் (நபிமொழியில்) உள்ளவை. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் அது தொடங்கும் விதத்தைப் பாருங்கள். விதி என்று ஒன்று இல்லை என ஈராக்கின் பஸ்ராவில் மஅபத் அல்ஜுஹனீ பேசத் தொடங்கியிருந்தார். அங்கிருந்து வந்த இருவர் நபித்தோழர் இப்னு உமரிடம் இதைக் கேட்கிறார்கள். அதற்கு மறுமொழியாகத்தான் தம் தந்தை உமரிடமிருந்து கேட்ட அந்த ஹதீஸை அவர் எடுத்துச் சொல்கிறார். நபித்தோழர்கள் சிலர் உயிரோடு இருந்தபோதே விதியைப் பற்றிய சர்ச்சை எழுந்துவிட்டது. குர்ஆனின் 2:177, 4:136 வசனங்கள் அல்லாஹ், மறுமை நாள், மலக்குகள், வேதம், நபிமார் என ஐந்தைச் சேர்த்துச் சொல்கின்றன; விதியைப் பற்றி வேறு இடங்களில் பேசுகின்றது குர்ஆன்.

ஷியாக்கள் சொல்லும் இறைநீதியும் இதே கேள்வியோடு பிணைந்தது. எல்லாம் முன்பே விதிக்கப்பட்டது என்றால் பாவிக்குத் தண்டனை எப்படி நியாயமாகும்? முஃதஸிலா என்ற பழைய இறையியல் பிரிவினரும் ஏகத்துவத்துக்கு அடுத்து நீதியைத்தான் வைத்தார்கள். முழு நிர்ப்பந்தமும் இல்லை, முழு சுதந்திரமும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்டது என்பது ஷியாக்களின் ஆறாம் இமாம் ஜஅஃபர் சாதிக்கின் பெயரால் வரும் விளக்கம். மலக்குகளை ஷியாக்கள் மறுப்பதில்லை. குர்ஆன் சொல்வதை நம்பியபின் அது தனித் தலைப்பாக வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இமாமத் அப்படிப்பட்டதல்ல. 632இல் நபிகள் நாயகம் மறைந்தபின் சமூகத்தை வழிநடத்தும் உரிமை யாருக்கு என்பது சுன்னிகளுக்கு நம்பிக்கையின் மூலக்கூறு அல்ல, ஷியாக்களுக்கு மூலக்கூறு. இஸ்லாம் ஐந்தின் மேல் கட்டப்பட்டது என்ற கூற்று இரு தரப்பிலும் உண்டு. இப்னு உமர் அறிவிப்பில் கலிமா, தொழுகை, ஜகாத், ஹஜ், நோன்பு. குலைனீ தொகுத்த ஷியா ஹதீஸ் நூலான அல்காஃபியில் ஐந்தாம் இமாம் பாக்கிர் சொல்லும் ஐந்தில் தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் ஆகியவற்றோடு விலாயத் (இமாம்களின் தலைமையை ஏற்றல்). ஷியாக்களில் ஒரு பிரிவான இஸ்மாயீலியரைச் சேர்ந்த அறிஞர் காழி நுஃமான் விலாயத்தை முதலில் வைத்து, தூய்மையையும் ஜிஹாதையும் சேர்த்து, ஏழாக்கினார். இந்தப் பிளவைச் சொல்லழகால் நிரப்ப முடியாது.

என்னைக் கலங்கவைப்பது வேறொன்று. நீங்கள் சொல்லும் அந்த ஆறை ஏற்றவர்களுக்குள்ளேயே, செயல் ஈமானின் பகுதியா என்பதில் ஒற்றுமை இல்லை. உள்ளம் ஏற்று நாவு மொழிவதே ஈமான், அது கூடுவதும் குறைவதும் இல்லை என்றார் சுன்னி சட்ட அறிஞர் அபூஹனீஃபா. சொல்லும் செயலும் சேர்ந்ததே ஈமான், கூடும் குறையும் என்றனர் வேறு இரு சுன்னி சட்ட அறிஞர்களான ஷாஃபியும் அஹ்மதும். சோம்பலால் தொழுகையை விட்டவன் காஃபிர் (இறைமறுப்பாளன்) என்பது அஹ்மதின் பெயரால் பிரபலமான கருத்து. பெரும்பாலான அறிஞர்களுக்கு அவன் பெரும்பாவிதான். இதே கேள்வியைக் காரிஜிகள் என்ற ஆரம்பகாலப் பிரிவினர் வாளோடு கேட்டார்கள். பெரும்பாவம் செய்தவன் காஃபிர் என்ற அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் 661இல் அலீ (ரலி) அவர்களைக் கொன்றான். அந்தக் கொலைக்குக் காரணம் பட்டியலில் இருந்த வித்தியாசமா?

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நம்முடைய தொழுகையைத் தொழுது, நம் கிப்லாவை (தொழும் திசையை) முன்னோக்கி, நாம் அறுத்ததை உண்பவர் முஸ்லிம் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. 2005இல் ஜோர்தானின் அம்மானில் கூடிய அறிஞர்கள், நான்கு சுன்னி மத்ஹபுகளோடு (சட்ட மரபுகளோடு) ஷியாக்களின் ஜஅஃபரி, ஸைதி மத்ஹபுகளையும் இபாதி, ழாஹிரி மத்ஹபுகளையும் பின்பற்றுவோரும் முஸ்லிம்களே, அவர்களைக் காஃபிர் என்பது கூடாது என்று அறிவித்தார்கள். இமாமத் பற்றி உங்கள் நண்பரோடு நன்றாக வாதிடுங்கள். அவரை முஸ்லிம் என்று ஒப்புக்கொள்ள அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.