யாரும் கேள்விப்படாத பழைய டிஜிட்டல் கேமராக்களைச் சேகரிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? புதிதாகத் தொடங்குபவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வியில் உள்ள "பழைய" என்பதை 1990-லிருந்து ஏறக்குறைய 2001 வரை என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போது பலரும் தேடித்தேடி வாங்கும் வெள்ளி நிறச் சின்ன கேமராக்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. முன்னால் நீளும் லென்ஸ், பின்னால் திரை, அடியில் பேட்டரியும் கார்டும் என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றில் நல்லவை நிறைய உண்டு. ஆனால் என்னை இழுப்பது அதற்கு முந்தைய பத்தாண்டுதான். டிஜிட்டல் கேமரா எப்படி இருக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிலிம் கேமரா செய்தவர்கள், கால்குலேட்டர் செய்தவர்கள், மௌஸ் விற்றவர்கள், வீடியோ கேம் செய்தவர்கள் என்று ஆளுக்கொரு யோசனையோடு களத்தில் இறங்கினார்கள்.

அந்த யோசனைகள் வேறு எதையும்விட ஒரு விஷயத்தில்தான் ஒன்றுக்கொன்று விலகிப் போயின: எடுத்த படத்தை எங்கே வைப்பது, அதை எப்படி வெளியே கொண்டுவருவது? பிலிமில் இந்தக் கேள்வியே எழாது. பதிவதும் அதில்தான், பாதுகாப்பதும் அதில்தான். டிஜிட்டலில் சென்சார் படத்தைப் பார்ப்பதோடு சரி, வைத்துக்கொள்ள வேறு இடம் தேட வேண்டும். மெகாபிக்சலை வைத்தோ பிராண்டை வைத்தோ நான் சேகரிப்பதில்லை. இந்த ஒரு கேள்விக்கு ஒரு கேமரா என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துத்தான் அதைத் தேடுகிறேன்.

தொடக்கத்தில் இருந்த டைகாம் மாடல் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாஜிடெக் இதையே ஃபோட்டோமேன் என்ற பெயரில் விற்றது. 376×240 பிக்சலில் கறுப்பு வெள்ளைப் படங்கள், மொத்தம் 32. அவை இருந்தது 1 எம்பி ரேமில். அதாவது பேட்டரி தீர்ந்தால் படங்களும் போய்விடும். அதனால் படம் எடுத்த கையோடு கணினிக்கு ஓட வேண்டியிருந்தது. 1998-இல் வந்த கேம் பாய் கேமராவும் இந்த வகைதான். அதன் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன பேட்டரி நினைவகத்தை உயிரோடு வைத்திருக்கிறது, அது செத்தால் உள்ளே இருக்கும் 30 படங்களும் அழிந்துவிடும். பழைய கேம் பாய் கேமரா ஒன்று கையில் கிடைத்தால் முதலில் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவிடுங்கள். யாரோ ஒரு குடும்பத்தின் முகங்கள் அதில் நான்கு சாம்பல் நிறங்களில் இன்னும் இருக்கலாம்.

அடுத்து ஆப்பிள் குவிக்டேக் 100. 1994-இல் கோடாக் செய்துகொடுத்து ஆப்பிள் விற்றது. இதில் படங்கள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்ததால் பேட்டரி போனாலும் பயமில்லை. ஆனால் 640×480-இல் எடுத்தால் எட்டே படங்கள். திரையும் கிடையாது. எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்பது கேபிளைச் செருகிக் கணினியில் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கடுத்த ஆண்டு வந்த கேசியோ க்யூவி-10, என் சேகரிப்பில் நான் அதிகம் கையில் எடுத்துப் பார்ப்பது. பின்பக்கம் 1.8 அங்குல வண்ணத் திரையோடு வந்து, சாதாரண மக்கள் கையில் சேர்ந்த முதல் கேமரா இதுதான். ஒரு பக்கம் லென்ஸ் உருளை தனியாகச் சுழலும். கேமராவை மார்பளவில் பிடித்து, லென்ஸை மட்டும் எதிரில் இருப்பவர் பக்கம் திருப்பி, திரையைக் குனிந்து பார்த்தபடி எடுக்கலாம். உங்கள் பக்கமே திருப்பினால் உங்களையும் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டோ ஃபோகஸ் இல்லை, ஃபிளாஷ் இல்லை. லென்ஸுக்கு அருகே உள்ள சின்ன நெம்புகோல், ஒளி நுழையும் துளையைப் பெரிய எஃப் 2-க்கும் சிறிய எஃப் 8-க்கும் இடையே மாற்றும், வெளிச்சத்தைப் பார்த்து நாம்தான் மாற்ற வேண்டும். 2 எம்பி உள்நினைவகத்தில் 96 படங்கள், ஒவ்வொன்றும் 320×240. படத்தின் தரத்தை இன்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எடுத்த அடுத்த நொடி அதைத் திரையில் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கும் பழக்கம் பரவத் தொடங்கியது இங்கேதான். அதே ஆண்டின் மற்ற கேமரா ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் படம் எடுத்துப் பாருங்கள். கேசியோவில் நமக்குள் ஒரு அவசரம் வந்துவிடுகிறது, உடனே அடுத்ததை எடுக்கத் தோன்றுகிறது.

அப்புறம் டிஸ்க் காலம். இதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

மெமரி கார்டுகள் அப்போது விலை அதிகம், கொள்ளளவு குறைவு. அதோடு கார்டைக் கணினியில் படிக்கத் தனிக் கருவி வேண்டும். ஃப்ளாப்பி டிரைவ் இல்லாத கணினியோ அநேகமாகக் கிடையாது. 1997-இல் சோனி மாவிகா எஃப்டி5, எஃப்டி7 இரண்டும் சாதாரண 3.5 அங்குல ஃப்ளாப்பியில் நேரடியாக ஜேபெக் கோப்பு எழுதின. டிரைவர் மென்பொருள், கேபிள் எதுவும் வேண்டாம். ஃப்ளாப்பியை உருவி எந்தக் கணினியிலும் போடலாம், யாரிடமும் கொடுத்துவிடலாம். ஷட்டரை அழுத்தியதும் உள்ளே மோட்டார் சுழலும் சத்தம் கேட்கும், டிரைவின் தலை நகரும் கரகரப்பு உள்ளங்கையில் தெரியும். சில நொடிகள் காத்திருக்க வேண்டும். எடுக்கும் தரத்தைப் பொறுத்து ஒரு ஃப்ளாப்பிக்குச் சுமார் 20 படங்கள். பெரிய செங்கல் போல இருக்கிறது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், படத்தை வெளியே எடுக்கும் சிக்கலை அந்தக் காலத்தில் சாதாரண மனிதருக்காக உண்மையிலேயே தீர்த்த கேமரா இதுதான்.

அதே வழியில் இன்னும் தூரம் போனவைதான் யாரும் கேள்விப்படாதவை. 2000-இல் வந்த மாவிகா சிடி1000, 8 செ.மீ. சிடியில் படங்களை எரித்தது, ஒரு தட்டில் 156 எம்பி. பானசோனிக் பிவி-எஸ்டி4090-க்குள் 120 எம்பி சூப்பர்டிஸ்க் டிரைவே இருந்தது. ஆக்ஃபா இஃபோட்டோ சிஎல்30-இன் ஒரு வகை, ஐயோமெகாவின் 40 எம்பி கிளிக் தட்டில் எழுதியது. சான்யோவின் ஐடிஷாட் 730 எம்பி கொள்ளும், சுமார் 5 செ.மீ. அகலக் காந்த-ஒளித் தட்டைப் பயன்படுத்தியது. 128 எம்பி கார்டே பெரிதாக இருந்த காலத்தில் 730 எம்பி! ஆனால் கார்டுகளின் கொள்ளளவு ஏறி, விலை இறங்கியதும் இவை அத்தனைக்கும் வேலையில்லாமல் போயிற்று. அவற்றைச் செய்தவர்கள் அன்றைய நிலவரத்தை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். அதனால்தான் இவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

டிஸ்க் இல்லாமல் வேறு வழி தேடியவையும் உண்டு. நிகான் கூல்பிக்ஸ் 100-ஐ இரண்டாகக் கழற்றி, ஒரு பாதியை லேப்டாப்பின் பிசி கார்டு துளைக்குள் அப்படியே செருகலாம். கூல்பிக்ஸ் 300-இல் தொடுதிரையும் எழுதுகோலும் உண்டு, அதில் கையால் குறிப்பு எழுதி வைக்கலாம். மினோல்டா டிமாஜ் வி-யில் லென்ஸைக் கழற்றி கேபிள் நீளத்துக்குத் தள்ளி வைத்து எடுக்கலாம். கோடாக் டிசி260 போன்ற சில கேமராக்கள் டிஜிட்டா என்ற இயங்குதளத்தில் ஓடின. அதற்கு வெளியார் நிரல் எழுத முடிந்தது, டூம் விளையாட்டைக்கூட அதில் ஓட வைத்துவிட்டார்கள்.

சரி, வாங்குவதற்கு வருவோம்.

முதலில் கார்டு, பிறகுதான் கேமரா. இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். கேமரா உடல் எங்காவது கிடைத்துவிடும். அதோடு வந்த கார்டு, கேபிள், சார்ஜர் எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். படத்தை வெளியே எடுக்க வழியில்லாத கேமரா அலமாரியில் வைக்கத்தான் உதவும்.

கார்டுகளில் காம்பாக்ட்ஃபிளாஷ் எளிது. 1994-இல் வந்தது, இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் பழைய கேமராக்கள் பெரிய கார்டை ஏற்காது. 2 ஜிபி-க்கு மேல் போக வேண்டாம், முடிந்தால் 128 எம்பி போன்ற பழைய சிறிய கார்டாகவே தேடுங்கள். ஸ்மார்ட்மீடியாதான் தொல்லை. 0.76 மி.மீ. தடிமனில் வெறும் தகடு போல இருக்கும். 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு, மூலையில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் என்பதை வைத்து அடையாளம் காணலாம். அதிகபட்சக் கொள்ளளவு 128 எம்பி, பல கேமராக்கள் அவ்வளவு பெரிய கார்டை ஏற்காது. கார்டுக்குள் நினைவகத்தை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் சில்லு கிடையாது என்பதால் கணினியில் ஃபார்மட் செய்தால் கேமரா அதைப் பிறகு அடையாளம் காணாமல் போகலாம். எப்போதும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஃபிளாஷ்பாத் என்று ஒரு அடாப்டர் வந்தது, பார்த்தால் அச்சு அசல் ஃப்ளாப்பி. அதற்குள் ஸ்மார்ட்மீடியாவைச் செருகி ஃப்ளாப்பி டிரைவில் போட்டால், கார்டில் உள்ளதைக் காந்த சமிக்ஞையாக மாற்றி டிரைவின் தலைக்குக் கொடுக்கும். உள்ளே பட்டன் செல் போட வேண்டும், டிரைவரும் வேண்டும், வேகம் மிக மெதுவு. ஆனாலும் அதை யோசித்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

கார்டே இல்லாமல் சீரியல் கேபிள் மட்டும் உள்ள கேமராக்களைக் கைவிட்டுவிடாதீர்கள். லினக்ஸில் ஜிஃபோட்டோ என்ற இலவச மென்பொருள், கேசியோ க்யூவி வரிசை உட்பட ஏராளமான பழைய கேமராக்களோடு பேசும். குவிக்டேக்கின் கோப்பு வடிவத்தை டிசிரா என்ற மென்பொருள் படிக்கும். கார்டில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் டிசிஎஃப் விதிமுறை 1998 டிசம்பரில் வந்தது, அதற்குப் பிந்தைய கேமரா என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. கார்டைத் திறந்தால் டிசிஐஎம் ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ஜேபெக். இன்றைய செல்போன் வரை தொடரும் ஏற்பாடு அது.

வாங்கும்போது பேட்டரி அறையைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஸ்பிரிங்குகளின் அடிவேர் வரை பாருங்கள். வெள்ளைப் பொடி மேலே மட்டும் படிந்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் போகும். பச்சை நிறம் உள்ளே கம்பி வரை ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். சாதாரண ஆல்கலைன் செல் போட்டு "கேமரா வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டவும் வேண்டாம். இவை இழுக்கும் மின்னோட்டத்துக்கு அந்தச் செல்களின் வோல்டேஜ் சட்டென்று இறங்கிவிடும். நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டால் அதே கேமரா விழித்துக்கொள்ளும். ஆரம்பகால மாவிகா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையும் கிடையாது. அதன் என்பி-எஃப் வகை பேட்டரியை வீடியோ விளக்குகளுக்காக இன்றும் செய்கிறார்கள்.

ரப்பர் பூச்சு பிசுபிசுப்பாகியிருந்தால் பொறுமையாக ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிடலாம். ஃபிளாஷ் உள்ள கேமராவைப் பழக்கமில்லாமல் திறக்கவே கூடாது. அதன் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும், செல்லைக் கழற்றிய பிறகும்கூட.

கடைசியாக ஒன்று. "அந்தக் கால சிசிடி சென்சாரின் நிறமே தனி" என்று சொல்லி விற்பார்கள். நிறத்தைத் தீர்மானிப்பதில் லென்ஸுக்கும் கேமராவுக்குள் ஜேபெக் தயாரிக்கும் நிரலுக்கும் பெரிய பங்கு உண்டு. சிசிடி என்ற ஒரு சொல்லுக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

முதல் கேமராவாக எதை வாங்கலாம் என்றால், நிகான் கூல்பிக்ஸ் 950. 1999-இல் வந்தது, 2 மெகாபிக்சல், காம்பாக்ட்ஃபிளாஷ், நான்கு ஏஏ செல். உடல் நடுவில் இரண்டாக முறுக்கித் திரும்பும், 2 செ.மீ. வரை நெருங்கிப் படம் எடுக்கும். அரிதானது இல்லைதான். ஆனால் கார்டு, செல், கோப்பு எதிலும் உங்களைத் தவிக்க விடாது. அதில் கொஞ்ச நாள் படம் எடுத்துப் பழகிய பிறகு, சீரியல் கேபிளோடு ஒரு க்யூவி-10 கிடைக்கிறதா என்று தேட ஆரம்பியுங்கள்.