பாஸ்வேர்டும் வந்திருக்கிறது, லாகின் செய்து பார்க்கலாமா?

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் யூடியூப் செய்தி சேனல் நடத்துகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் என்னைப் பலர் முன்னால் அவமானப்படுத்தினார். பிறகு பொய்ப் புகார் கொடுத்து ஓர் இரவு முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார். போன மாதம் டெலிகிராமில் முகம் தெரியாத ஒருவர், அந்தச் செயலாளரின் லேப்டாப்பில் புகுந்து எடுத்ததாகச் சொல்லி 4 ஜிபி ஜிப் ஃபைல் ஒன்றை அனுப்பினார். ஜிபேயில் 15,000 ரூபாய் கொடுத்தேன். சட்டமன்றத் தேர்தலில் பூத் வாரியாகப் பணப் பட்டுவாடா செய்த எக்செல், வாட்ஸ்அப் உரையாடல், பணம் வாங்கிய வாக்காளர்களின் பெயர், போன் நம்பர், செயலாளரின் வீட்டுப் படங்கள், ஜிமெயில் பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கின்றன. "புதுசா ஏதாவது வந்தா எடுத்துக் கொடுங்க" என்று அந்த டெலிகிராம் ஆளிடம் கேட்டிருக்கிறேன். செயலாளருக்கு "உங்க கணக்கு எங்க கையில இருக்கு, பேசிக்கலாமா?" என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, பேசி முடிக்க ஆளும் அனுப்புகிறார்கள். ரஃபேல் போர் விமானப் பேர ஆவணங்களைப் பத்திரிகை வெளியிடலாம் என்றால் நான் ஏன் வெளியிடக் கூடாது? பாஸ்வேர்டை வைத்துச் சரிபார்த்துவிட்டு வெளியிடட்டுமா?

பதில்: லாகின் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் மறுபடி செய்யாதீர்கள். எந்த நாளில், எந்தக் கருவியிலிருந்து செய்தீர்கள் என்பதை உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள்.

அவமானம், பொய்ப் புகார், ஸ்டேஷனில் கழிந்த இரவு எல்லாம் வேறு கதை. அதற்கு வேறு பரிகாரம் உண்டு, அதை இதோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் உங்களுக்குத்தான் கெடுதல். அவதூறு வழக்கில், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 356-ஆம் பிரிவின் விதிவிலக்குகள் பொதுநன்மையிலும் நல்லெண்ணத்திலும் நிற்கின்றன. பழைய பகை இருந்தது என்று நீங்களே சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் நல்லெண்ணத்தை உடைக்க வேறு எதையும் தேட வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தில் எழுதியதைச் சேனலில் எங்கும் பேசிவிடாதீர்கள்.

சட்டப்படி இதில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: அந்தத் திருட்டில் உங்கள் கை பட்டதா, இல்லையா? செய்தி உண்மையா, செயலாளர் கெட்டவரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவிலும் இதே கோட்டில்தான் பிரித்தார்கள். 2001-இல் பார்ட்னிக்கி எதிர் வோப்பர் வழக்கில், ஒட்டுக்கேட்டுப் பதிவான பேச்சை ஒலிபரப்பிய வானொலிக்காரருக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்தது. பேச்சு பொதுமக்கள் அக்கறைக்குரியது, ஒட்டுக்கேட்டதில் அவருக்குப் பங்கில்லை என்பதே காரணம். உங்கள் கதையில் பங்கு இருக்கிறது. 15,000 ரூபாய் கொடுத்தது ஏற்கெனவே திருடியதை வாங்கியது. "புதுசா வந்தா எடுத்துக் கொடுங்க" என்றது இனிமேல் திருடச் சொன்னது. முதலாவதை வாதாடிச் சமாளிக்க முயலலாம். இரண்டாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 84பி-யின் தூண்டுதல் குற்றத்துக்குள் இழுத்துச் செல்லும்.

அதே சட்டத்தின் 66பி பிரிவு திருட்டு போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 'கணினி வளம்' என்பதற்கு அந்தச் சட்டம் 2-ஆம் பிரிவில் கொடுக்கும் விளக்கத்தில் தரவும் இருக்கிறது. திருடப்பட்டது என்று தெரிந்தே, அல்லது நம்பக் காரணம் இருந்தும், நேர்மையற்ற நோக்கத்தோடு பெறுவது குற்றம். பெற்ற பின் வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றம்தான். 'நேர்மையற்ற நோக்கம்' என்ற அந்தச் சொல்தான் உங்களுக்கு உள்ள ஒரே அரண். பொதுநன்மைக்காக ஆராய்ந்தேன் என்பவரிடம் அது இல்லை என்று வாதாட இடமுண்டு. ஆனால் "பேசிக்கலாமா?" என்று எழுதிய கையோடு அந்த வாதம் நீர்த்துப் போகிறது.

பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் நிலைமையே வேறு. அதுவரை நீங்கள் பெறுபவர். உள்ளே நுழைந்த நிமிடத்தில் நுழைந்தவராகிவிடுகிறீர்கள். அனுமதியின்றி நுழைந்ததற்கான 43, 66 பிரிவுகளும், அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியதற்கான 66சி-யும் சேரும். 'சரிபார்க்கத்தான்' என்பது காரணமாகாது. லாகின் நேரமும் ஐபி முகவரியும் ஜிமெயில் பதிவில் இருக்கும். செயலாளரின் போனுக்கு அந்த நொடியே எச்சரிக்கையும் போயிருக்கும்.

ரஃபேலை எல்லோரும் தப்பாகவே காட்டுகிறார்கள். 2019 ஏப்ரல் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது, எப்படி வந்த ஆவணம் என்பதற்காக மட்டும் அதைப் பார்க்காமல் விட முடியாது என்பதுதான். 1972-இல் மல்கானி வழக்கிலும், 1973-இல் பூரன் மல் வழக்கிலும் அதே நீதிமன்றம் ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தது. ஆதாரமாக ஏற்பது ஒன்று, எடுத்தவரும் வாங்கியவரும் தப்பிப்பது வேறொன்று. ரஃபேலில் வந்தவை அரசு ஆவணங்கள். பத்திரிகை பெயர் போட்டு, பக்கங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டது. 4 ஜிபியை அப்படியே கொட்டவில்லை.

அடுத்தது, நான் பத்திரிகையாளன், யார் கொடுத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை என்ற நம்பிக்கை. 1978-ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2) அந்தப் பாதுகாப்பைத் தருவது பிரஸ் கவுன்சில் முன்னால் நடக்கும் விசாரணையில் மட்டுமே. விசாரணை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் எதிராகத் தனிச் சட்டப் பாதுகாப்பு இந்தியாவில் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் ஒரு போனோடு நிற்க மாட்டார். எடிட்டிங் கணினி, ஹார்ட் டிஸ்க், உதவியாளரின் போன் எல்லாம் போகும், மாதக்கணக்கில் திரும்பாது. இந்தச் செய்திக்குத் துளியும் தொடர்பில்லாத, உங்களை நம்பிப் பேசிய மற்றவர்களின் பெயர்களும் அதில் இருக்கும். அவர்களுக்கு நீங்கள் கடமைப்பட்டவர்.

இப்போது பெரிய ஆபத்து. பேசி முடிக்க ஆள் வருகிறது என்றீர்களே, அதில்தான் விழுவார்கள். லாட்ஜிலோ ஹோட்டலிலோ சந்திப்பு. ஒரு கவரை மேசையில் வைப்பார்கள், "செலவுக்கு வச்சுக்கங்க தம்பி" என்பார்கள். அது கையில் இருக்கும்போது போலீஸ் உள்ளே வரும். மிரட்டிப் பணம் பறிக்க முயன்றார் என்றால் பி.என்.எஸ். 308(3), 2 ஆண்டு வரை. கவர் கைமாறிவிட்டால் 308(2), 7 ஆண்டு வரை, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். "நாங்களாகக் கொடுத்தோம்" என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். உங்கள் வாட்ஸ்அப் வரியும் கவரும் சேர்ந்தாலே வழக்கு முழுதாகிவிடும். ஹேக்கிங் பின்னுக்குப் போகும், பட்டுவாடா மறந்தே போகும், பேப்பரில் 'போலி நிருபர் கைது' என்று வரும். தனியாகச் சந்திக்காதீர்கள். போனில் தொகை பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், "எவ்வளவு" என்று அவர்கள் கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள்.

பயந்து அழிப்பது இன்னொரு பள்ளம். டெலிகிராம் உரையாடலை இரு பக்கமும் அழித்துவிட்டு போனை ரீசெட் செய்தால், ஆதாரமாகக் கேட்கக்கூடிய மின்பதிவை அழித்ததாக பி.என்.எஸ். 241 வரும். ஜிபே ரசீது உங்கள் வங்கியில் இருக்கிறது, எதிர்முனையில் ஸ்கிரீன்ஷாட் இருக்கலாம். அழித்தால் உங்களுக்குச் சாதகமானவையும் போய்விடும்.

சரி, உள்ளே இருப்பது உண்மைதானா? 2017 மே 5-ஆம் தேதி, பிரான்சின் அதிபர் தேர்தல் இரண்டாம் சுற்றுக்கு இரண்டு நாள் முன்பு, மக்ரோன் தரப்பு மின்னஞ்சல்கள் கொட்டப்பட்டன. உண்மையானவற்றோடு பொய்யும் கலந்திருக்கிறது என்று அவர் தரப்பு சொன்னது, தேர்தல் கண்காணிப்புக் குழு வெளியிட வேண்டாம் என்று ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. நூறு உண்மைக்குள் ஒரு போலி வைப்பது திருடியவனுக்கு எளிது, உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கு அனுப்பியவர் யார் என்று உங்களுக்கே தெரியாது. கட்சிக்குள் செயலாளருக்கு எதிரான கோஷ்டி உங்களைக் கருவியாக்குகிறதா என்று யோசித்தீர்களா? வாட்ஸ்அப் எக்ஸ்போர்ட் வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் எவரும் ஒரு வரி சேர்க்கலாம். எக்செலைத் திறந்து சேவ் கொடுத்தாலே கடைசியாகத் திருத்திய தேதி உங்கள் தேதியாகிவிடும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4)-இன்படி, மின்பதிவோடு கொடுக்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (ஃபைலின் கைரேகை போன்ற எண்) வேண்டும், கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் நிபுணரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். செயலாளரின் லேப்டாப்புக்கு நீங்கள் எப்படிச் சான்று கொடுப்பீர்கள்? மூல ஜிப்பைத் தொடாமல் வைத்து, அதன் ஷா-256 ஹாஷை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். டிரைவ், போன் கேலரி எதிலும் தானாக ஏறாதபடி நிறுத்துங்கள். யாருக்கெல்லாம் பார்வர்டு செய்தீர்கள் என்று பட்டியல் எழுதுங்கள்.

வாக்காளர் பெயர்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் மிக உறுத்துவது அதுதான். பி.என்.எஸ். 170 லஞ்சம் கொடுப்பதை மட்டுமல்ல, வாங்குவதையும் குற்றமாக்குகிறது. அந்த எக்செலைத் திரையில் காட்டினால் முதலில் அடிபடுவது செயலாளர் அல்ல. ஐந்நூறு ரூபாய் வாங்கிய, அல்லது வாங்காமலே பட்டியலில் பெயர் ஏறிய கூலிக்காரப் பெண். 2016-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் அப்படியே போட்டபோது சாதாரண நன்கொடையாளர்களின் தனி விவரங்களும் வெளியாயின. கட்சித் தலைமையின் உள்விவகாரத்துக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டத்தில் பத்திரிகையாளருக்கென்று தனி விலக்கும் இல்லை. வீட்டுப் படங்களில் ஒன்றைக்கூட, முகத்தை மறைத்தும் காட்டக் கூடாது.

பட்டுவாடா செய்தி மக்களுக்குத் தேவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஃபைல் இல்லாமல் அது நிற்க வேண்டும். வேட்பாளர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77-இன்படி தனிக் கணக்கு வைத்து, 78-இன்படி முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு வரம்பு 40 லட்சம். அந்தக் கணக்கைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம். மண்டப வாடகை, வாகனம், சாப்பாடு என்று கணக்கில் இருப்பதையும் இல்லாததையும் நேரில் போய் மண்டபக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் கேளுங்கள், பெயர் சொல்லிப் பேசச் சம்மதிப்பவரைப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு செயலாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேள்வி அனுப்புங்கள், "பேசிக்கலாமா" இல்லாமல். இந்த வழியிலும் ஃபைலை வைத்திருந்த குற்றச்சாட்டு மறையாது என்பதைத் தெரிந்தே இறங்குங்கள்.

என் நேரடியான ஆலோசனை: ஃபைலை வெளியிடாமல் சமரசம் செய்துகொள்ளுங்கள், வக்கீல் மூலம், எழுத்தில். எஃப்.ஐ.ஆர். 66, 66பி-யோடு நின்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 77ஏ-யின் கீழ் நீதிமன்ற அனுமதியோடு சமாதானம் செய்ய வழி உண்டு. 308 சேர்ந்துவிட்டால் கீழ் நீதிமன்றத்தில் சமாதானம் முடியாது, உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். அதனால் புகார் பதிவாகும் முன் முடிப்பதுதான் புத்தி. ஒப்பந்தத்தில் எந்தப் பக்கமும் பணம் கூடாது. 'புகார் கொடுக்க மாட்டோம்' என்பதற்கு விலை வைத்த ஒப்பந்தம் செல்லாது, அந்தப் பணமே தனிக் குற்றமாகவும் ஆகலாம். 'பட்டுவாடா நடக்கவில்லை' என்று ஒரு வரி நுழைப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பொதுப் பதிவுகளை வைத்து நீங்கள் செய்தி போடுவதைத் தடுக்கும் வரியையும் அடித்துவிடுங்கள். 'நகல் எதுவும் என்னிடம் இல்லை' என்று எழுதும் முன் எடிட்டரின் போன், டெலிகிராம் கிளவுட், பழைய பென்டிரைவ் எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு ஒன்று வெளியே வந்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான். ஃபைலை அழிப்பதாக எழுதாதீர்கள். சீலிட்டு, யாரிடம் ஒப்படைத்தாலும் ரசீது பெறுவதாக எழுதுங்கள்.

நோட்டீசுக்குப் பதில் சுருக்கமாக, வக்கீல் கையெழுத்தில் போகட்டும். நோட்டீசை வைத்து லைவ் வீடியோ போடாதீர்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது தபால் முத்திரையோடு நோட்டீஸ் கவர், ஜிபே பரிவர்த்தனைப் பதிவு, டெலிகிராம் உரையாடல் முதல் வரியிலிருந்து, செயலாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கும் அதே போன் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். முன்ஜாமீன் இன்றே தேவையா, காத்திருக்கலாமா என்பதை அந்த உரையாடலைப் படித்த பிறகே அவர் சொல்ல முடியும்.