மண்டபத்துல மிஞ்சுற சாப்பாடு: ஃப்ரிட்ஜ் வாங்கறதா, வண்டி வாங்கறதா?

கேள்வி: அக்கா, நான் கரூர்லருந்து எழுதறேன். சொந்தக்காரங்க வீட்டு ரிசப்ஷன்ல ராத்திரி பத்தரை மணிக்கு ரெண்டு அண்டா வெஜ் பிரியாணியும் ஒரு குண்டான் சாம்பாரும் மண்டபத்துக்கு பின்னாடி கொட்டினத பாத்ததுலருந்து மனசே ஆறல. எங்க அபார்ட்மென்ட் லேடீஸ் கொஞ்ச பேர் சேர்ந்து இந்த மாதிரி மிஞ்சுறத வாங்கி இல்லாதவங்களுக்கு குடுக்கலாம்னு காசு சேத்து வெச்சிருக்கோம். மொதல்ல பொது ஃப்ரிட்ஜ் வெக்கறதா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி எடுக்கறதா? என் மாமியார் வேற "எச்சி சோத்த குடுத்து பாவத்த சேத்துக்காத, எவனுக்காவது வயித்தால போச்சுன்னா போலீஸ் உன்னத்தான் தேடும்"ங்கறாங்க.
– கரூர் வாசகி

பதில்: ரெண்டும் வேணாம்மா, அந்த காச இப்போதைக்கு அப்படியே வைங்க. இந்த வேலைல நெறைய பேர் தடுக்கி விழற இடம் வண்டி இல்ல, வாங்கிக்கறவங்க யாருன்னு முடிவு பண்ணாம சாப்பாட்ட தூக்கிட்டு கெளம்பறதுதான். நீங்க சொன்ன அதே பத்தரை மணிய எடுத்துக்கோங்க. அந்த பிரியாணிய அண்டாவோட ஏத்திட்டு ஒரு முதியோர் இல்லத்துக்கு போறீங்கன்னு வைங்க, அங்க ஏழரைக்கே சாப்ட்டு, மாத்திரை போட்டு, லைட் அணைச்சு படுத்திருப்பாங்க. வாட்ச்மேன் வாங்கி வெப்பாரு, காலைல அவர் கொட்டுவாரு. கொட்டற இடம் மாறுச்சு, அவ்ளோதான்.

அதனால மொதல்ல போன எடுங்க. எந்தெந்த இல்லம், அங்க எத்தனை பேர், எத்தனை மணிக்கு சாப்பாடு, வெளில சமைச்சத வாங்குவாங்களா மாட்டாங்களா (குழந்தைங்க ஹோம்ல பல இடத்துல வாங்க மாட்டாங்க, அது அவங்க ரூல்ஸ், கோவிச்சுக்காதீங்க), காரம் ஒத்துக்குமா, எல்லாத்தயும் ஒரு நோட்ல எழுதுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல முழிச்சிருந்து பசியோட இருக்கறவங்கன்னா ஜிஎச் வாசல்ல படுத்திருக்கற பேஷன்ட்டோட அட்டெண்டருங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கறவங்க, இவங்கதான். ஆஸ்பத்திரில குடுக்கறதுன்னா உள்ள ஒரு வார்த்தை கேட்டு பர்மிஷன் வாங்கிட்டு குடுங்க.

அடுத்தது மண்டபம். மேனேஜர்கிட்ட பேசறது பாதி வேலைதான், உங்களுக்கு வேண்டிய ஆள் சமையல் கான்ட்ராக்ட் எடுத்த மாஸ்டர். எத்தனை பேருக்கு செஞ்சோம், எத்தனை இலை விழுந்துச்சு, எந்த அண்டா இன்னும் தொறக்கவே இல்ல, இது எல்லாம் அவர் ஒருத்தருக்குதான் தெரியும். ரெண்டாவது பந்தி நடக்கறப்பவே "மாஸ்டர், மிஞ்சுமா?"ன்னு ஒரு போன் போட்டா கரெக்டா சொல்லிடுவாரு. எல்லாரும் சாப்ட்டு முடிச்சு, மொய் கணக்கு பாத்து, பாத்திரம் கழுவ ஆரம்பிச்சப்புறம் கூப்பிடறாங்க பாருங்க, அப்ப போய் ஒண்ணுமே பண்ண முடியாது. சமையலுக்கு வந்த ஆளுங்க வீட்டுக்கு கட்டி எடுத்துட்டு போறதுல மட்டும் நீங்க கை வெக்காதீங்க, அது மொதல்ல அவங்களுக்கு.

இப்ப உங்க மாமியார். அவங்க சொன்னதுல பாதி சரியாத்தான் இருக்கு, சண்டை போடாதீங்க. எச்சிங்கறது இலைக்கு வந்தது, பரிமாற வாளில எடுத்து பந்தில சுத்துனது. அத தொடவே வேணாம். அண்டால கரண்டி மட்டும் போட்டு எடுத்த மிச்சம் எச்சி இல்ல. ஆனா வயித்தால போகும்னு பயப்படறாங்க இல்ல, அது நெஜமான பயம். சமைச்சது ஒண்ணு 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்ல 5 டிகிரிக்கு கீழ சில்லுன்னு இருக்கணும், நடுவுல இருக்கற நேரம் பூரா கிருமி பெருகற நேரம். சாயந்தரம் அஞ்சு மணிக்கு வடிச்ச சாதம் பத்தரைக்கு வெதுவெதுன்னு இருக்குன்னா அஞ்சரை மணி நேரம் ஆச்சுன்னு அர்த்தம். சாதத்துல பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியா, அதோட விதை கொதிக்கற தண்ணிலயும் சாகாது, ஆறுன சாதத்துல முளைச்சு விஷத்த விடும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது. வாசனை பாத்தேன் நல்லாத்தான் இருந்துச்சுங்கறதெல்லாம் கதைக்கு ஆகாது. தேங்கா அரைச்சு விட்ட கூட்டு, சட்னி, தயிர் பச்சடி, பால் பாயசம் இதெல்லாம் ராத்திரில வாங்காதீங்க, மாஸ்டர் எவ்ளோ வற்புறுத்தினாலும் சரி.

போலீஸ் விஷயம் கேட்டீங்களே, மிஞ்சுன உணவ சேகரிச்சு குடுக்கறதுக்குன்னே எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம்) 2019ல தனியா விதிமுறை போட்டிருக்கு. உங்க மாவட்ட உணவு பாதுகாப்பு ஆபீஸ்ல நியமன அலுவலர பாத்து, நாங்க இப்படி ஒரு குரூப், என்ன பதிவு பண்ணணும்னு கேட்டு பண்ணிக்கோங்க. எங்க வாங்கினோம், எப்ப சமைச்சது, எத்தனை மணிக்கு எங்க குடுத்தோம்னு ஒவ்வொரு தடவையும் எழுதி வைங்க. நாளைக்கு ஒரு பேச்சுன்னு வந்தா அந்த நோட்டுதான் உங்களுக்காக பேசும்.

ஃப்ரிட்ஜ் ஏன் வேணாம்ங்கறேன்னா, சூடான சாம்பார குண்டானோட உள்ள வெச்சா நடுவுல ஆறவே மணிக்கணக்காகும், கூட இருக்கற பொருளயும் சேத்து சூடாக்கி கெடுத்துடும். சென்னை பெசன்ட் நகர்ல 2017ல ஆரம்பிச்ச 'அய்யமிட்டு உண்'ங்கற பொது ஃப்ரிட்ஜ் மாதிரி பண்றதுன்னா வீட்டுலருந்து வர்ற பொட்டலம், பழம், பிரெட் இதுக்கு சரி, அதுக்கும் தெனமும் தொறந்து பாத்து பழசு எடுத்து தொடைக்க ஒரு ஆள் வேணும். கல்யாண அண்டாவுக்கு அது இல்ல. கோயம்புத்தூர்ல 2014ல பசங்க கொஞ்ச பேர் சேர்ந்து ஆரம்பிச்ச 'நோ ஃபுட் வேஸ்ட்'ங்கற அமைப்பு இன்னிக்கு வேற ஊருக்கெல்லாம் போயிடுச்சு, கரூர்லருந்து ஒரு பஸ் ஏறினா போதும், ஒரு நாள் கூட இருந்து வேலைய பாத்துட்டு வாங்க, நான் எழுதறத விட அது பிரயோஜனம்.

இன்னொண்ணு, பிரியாணியவே நெனச்சிட்டு இருக்காதீங்க. உழவர் சந்தைல கடை எடுக்கற நேரத்துக்கு மிஞ்சுற தக்காளி, கீரை, முருங்கக்கா, பேக்கரில மூடற நேரத்து பிரெட் இதெல்லாம் கெடற அவசரம் கம்மி, இல்லத்து சமையக்காரம்மா அவங்க இஷ்டத்துக்கு சமைச்சுப்பாங்க. அவங்கள கேட்டு பாருங்க, வாரத்துல மூணு தடவை கல்யாண சாப்பாட விட ரெண்டு கூடை காய்தான் வேணும்னு சொல்லுவாங்க. முகூர்த்த நாள்ல காலை டிபன் மிஞ்சுற இட்லி பொங்கலும் ஈஸி, பத்து மணிக்கே கைக்கு வந்துடும்.

மண்டபத்த மட்டும் திட்டாதீங்க, அதையும் சொல்லிடறேன். 2022ல உலகத்துல வீணான 105 கோடி டன் சாப்பாட்டுல 60 சதவீதம் வீடுகள்லருந்து போனதுன்னு ஐநா கணக்கு. நம்ம ஊர்ல மிஞ்சலன்னா கௌரவ குறைச்சல்னு நெனைக்கற வரைக்கும் மாஸ்டரும் நூறு இலை சேத்துதான் போடுவாரு.

குடுக்கறப்ப போட்டோ எடுக்காதீங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு சோறு வாங்கற ஒருத்தர் மூஞ்சி வேணுமா?

காசுல மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு கொஞ்சம், ரெண்டு பெரிய ஹாட்பாக்ஸ், உள்ள குத்தி சூடு பாக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க. வண்டிக்கு மண்டபத்துக்கு பக்கத்து ஸ்டாண்ட்ல ஒரு ஆட்டோக்காரர பேசி வெச்சுக்கோங்க, ராத்திரி பத்து மணிக்கு கூப்பிட்டா வர்றவரா பாருங்க, சேவைன்னு சொல்லி வாடகைல பேரம் பேசாதீங்க.