ப்ளூ ஊசி ஏன் வருசா வருசம் போடவேணும்? போன வருசம் போட்டது காணாதோ?

நீங்கள் கேட்ட விதத்திலயே விளங்குது. போன வருசம் மாமிக்கு ஊசி போட்டிருக்கிறியள், பிறகும் அவவுக்குத் தடிமன் வந்திட்டுது, இப்ப திரும்பவும் காசு குடுத்துப் போடச் சொல்லுகினம், உது கம்பனிக்காரர் உழைக்கிற வேலையோ எண்டு உங்களுக்கு ஒரு சந்தேகம். எங்கட வீட்டிலயும் இதே கதை நடந்ததால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன்.

முதல்ல, வாற தடிமன் எல்லாம் ப்ளூ இல்ல. மூக்கு ஓடுறதுக்கும் தொண்டை கரகரக்கிறதுக்கும் கனக்க வைரஸ் இருக்குது, இந்த ஊசி ப்ளூ எண்டுற இன்புளுவென்சா ஒண்டுக்குத்தான். 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில வடமராட்சிப் பக்கம் காய்ச்சலில சனம் செத்த நேரம் எங்கட ஒழுங்கையிலயும் ஆக்கள் ப்ளூ ஊசி தேடித் திரிஞ்சவை. அது எலிக்காய்ச்சல், அதுக்கு இது ஒண்டும் செய்யாது.

வருசா வருசம் ஏன் எண்டால், இந்த வைரஸின்ர மேற்பக்கம் மாறிக்கொண்டே இருக்கும், போன வருசத்து வைரஸுக்குப் பழகின உடம்பு இந்த வருசத்து வைரஸைச் சரியா அடையாளம் பிடிக்காது, பழைய ஊசியின்ர பலமும் மாதம் போகப் போகக் குறைஞ்சிடும். அதால உலக சுகாதார நிறுவனம் வருசத்தில ரெண்டு தரம் கூடி, மாசியில வடக்கு அரைக்கோளத்துக்கும் புரட்டாதியில தெற்கு அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளைப் போடுறது எண்டு தீர்மானிக்கும். அதுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில இருந்து மாதிரி போகுது, இலங்கையில கொழும்பு பொரளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்தான் அந்த வேலையைப் பாக்குது. கனக்க ஊசி இன்னும் கோழி முட்டையில வளர்த்துத்தான் செய்யிறது, கிட்டத்தட்ட ஆறு மாதம் பிடிக்கும், அதுக்கிடையில வைரஸ் மாறினால் ஊசி சரியாப் பொருந்தாது. 2014-15 சீசனில அமெரிக்காவில 19 வீதம்தான் வேலை செய்தது, நல்லாப் பொருந்தின வருசங்களில 40 தொடக்கம் 60 வீதம். இதை நான் மறைக்கேல்லை, ஏனெண்டால் கீழ கொமென்டில வந்து இதைத்தான் எழுதுவினம் எண்டு தெரியும்.

இப்ப எங்கட கதை. அம்மாவுக்கு சலரோகமும் முட்டும் இருக்குது. 2025 வைகாசியில ஒரு பாமசியில ஊசி இருக்கெண்டு போனம். பிரிட்ஜில இருந்து எடுத்துத் தந்த பெட்டியைத் திருப்பிப் பக்கத்தில இருந்த சின்ன எழுத்தை வாசிச்சன், 2024/2025 சீசன், ஊசியில இருக்கிற மூண்டு ப்ளூ வகையில ஒண்டான எச்3என்2 வகைக்கு நேர தாய்லாந்து 2022 எண்டு, அந்த வைரஸ் எடுத்த இடமும் வருசமும் கிடந்தது. அப்ப புதுசா வந்த 2025 தெற்கு அரைக்கோள ஊசியில அந்த இடத்தில குரோவேசியா 2023 இருந்தது, மற்ற ரெண்டு வகையும் அப்பிடியே இருந்தது. நான் கேட்க, "இன்னும் டேட் முடியேல்லைத்தானே அன்ரி, எல்லாம் ஒண்டுதான்" எண்டு அந்தத் தம்பி சொன்னார். டேட் முடியாதது உண்மைதான், ஆனா நான் வாங்கேல்லை. வேற இடத்தில 2025 எண்டு போட்ட தெற்கு அரைக்கோள ஊசி கிடைச்சுது. அங்கயும் ஐஸ் கட்டிக்கு மேல பெட்டியை அப்பிடியே வைக்க வெளிக்கிட்டினம், உறைஞ்சால் ஊசி பழுது, 2 தொடக்கம் 8 பாகைக்குள்ள இருக்கவேணும், நான்தான் பேப்பர் வாங்கிச் சுத்தி இடையில வைச்சு ரெஜிபோம் பெட்டியில டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனனான். அம்மாவுக்கு அண்டைக்குக் கை நோவும் இளம் காய்ச்சலும் இருந்தது. ஊசி போட்டதால ப்ளூவே வந்திட்டுது எண்டு சொல்லாதேங்கோ, இந்த ஊசியில உயிருள்ள வைரஸ் இல்ல.

இன்னொண்டு, முந்தி ஊசியில நாலு வகை இருந்ததை மூண்டாக்கி ஏமாத்துகினம் எண்டு ஒரு கதை ஓடுது. பி யமகாட்டா எண்ட வகை 2020 பங்குனிக்குப் பிறகு ஒருத்தரிலயும் உறுதியாக் காணேல்லை, அதாலதான் எடுத்தவை.

எனக்கு உண்மையில கோவம் வாறது வேற ஆக்களில. கனடாவில ஒன்டாரியோவில பாமசியில காசில்லாமல் போடுற ஊசியை எங்கட சொந்தங்கள் போடாமல் பிளேன் ஏறி வந்து, இருமிக்கொண்டே வயசுபோனவையைக் கட்டிப்பிடிச்சு, "சும்மா ஏசிக் குளிர்" எண்டுவினம். மாஸ்க் போடச் சொன்னால் மூஞ்சையைத் தூக்குவினம். வந்தவைக்குக் கோழி அடிச்சுக் குடுக்கிறம், ரெண்டு கிழமையால நாங்கள்தான் ஆஸ்பத்திரி வாங்கில இருக்கிறம்.

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுக் குடிக்கிறதை நான் குறை சொல்லேல்லை, எங்கட வீட்டிலயும் குடிக்கிறதுதான், ஆனா அது மாமியின்ர நெஞ்சுக்குள்ள நியுமோனியா போறதை மறிக்காது. நான் டாக்குத்தர் இல்ல, அவவின்ர கிளினிக் கொப்பியைக் கொண்டு போய்க் காட்டிக் கேளுங்கோ. இங்க வருச நடுவிலயும் வருசக் கடைசியிலயும் ப்ளூ கூடும், போட்டு ரெண்டு கிழமை செல்லும் பலன் வர, அதால மாரிக்கு முதல், ஐப்பசிக்குள்ள போட்டிடுங்கோ. காசு குடுக்க முதல் பெட்டியை வாங்கிச் சீசனைப் பாருங்கோ, காட்ட மாட்டம் எண்டால் அடுத்த கடைக்குப் போங்கோ.