பக்கத்து நிலம் விலைக்கு வருகிறது: சிறு குதிரைப் பண்ணைக்காரர்களுக்கான கேள்வி பதில்

நிலம், புல், வேலி, எல்லை, தண்ணீர் பற்றிக் கேளுங்கள். வட்டி, வரி, குதிரை வைத்தியம் மூன்றுக்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். "என்ன விலைக்குக் கேட்கலாம்?" என்றும் கேட்காதீர்கள். நிலத்தை மிதித்துப் பார்க்காமல் விலை சொல்லும் ஆளை நான் நம்புவதில்லை.

கேள்வி: மூன்று ஏக்கரில் நான்கு குதிரைகள் வைத்திருக்கிறேன். மழை நின்ற கொஞ்ச நாளிலேயே தரை மொட்டையாகிவிடுகிறது. பக்கத்து நான்கு ஏக்கர் விலைக்கு வருகிறது. வாங்கினால் தீவனச் செலவு குறையுமா?

குறையலாம். ஆனால் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது 10 கிலோ அளவுக்கு உலர் தீனி தின்னும். நான்குக்கும் சேர்த்து 40 கிலோ. வருஷத்துக்கு 14 டன்னுக்கு மேல். நல்ல மழையும் நல்ல மண்ணும் இருந்து, ஒழுங்காகப் பராமரித்தால், புல் வளரும் பருவத்தில் குதிரைக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஏக்கர் போதும் என்பார்கள். வறண்ட நிலத்தில் அந்தக் கணக்கு எடுபடாது.

அடுத்து, இருக்கிற மூன்று ஏக்கரை எப்படி வைத்திருக்கிறீர்கள்? எல்லாப் படலும் திறந்து கிடக்க, நான்கும் இரவு பகலாக இஷ்டம்போல் சுற்றுகின்றன என்றால், ஏழு ஏக்கரும் மொட்டையாகத்தான் போகும். கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் இருப்பதால் தரையை ஒட்டிக் கடித்துவிடும். நேற்று கடித்த இடத்தில் இன்று துளிர்த்ததை முதலில் தேடிப் போகும். லத்தி போடும் இடத்தில் வாய் வைக்காது. அதனால் நிலத்தில் ஒரு பகுதி மழித்ததுபோல இருக்க, இன்னொரு பகுதி முழங்கால் உயரத்துக்கு முற்றிக் கிடக்கும். இரண்டாலும் பயன் இல்லை.

நிலத்தை நாலு துண்டாகப் பிரியுங்கள். புல் 15 முதல் 20 செ.மீ. உயரம் வந்ததும் உள்ளே விடுங்கள். 7 அல்லது 8 செ.மீ.க்குக் குறைந்ததும் வெளியேற்றிவிடுங்கள். பழைய உயரத்துக்கு வரும்வரை அந்தத் துண்டுக்கு ஓய்வு. நன்றாக வளரும் காலத்தில் மூன்று நாலு வாரம், வறட்சியில் அதைவிட அதிகம். எந்தத் துண்டும் தயாராக இல்லாத நாட்களுக்குப் புல்லே இல்லாத ஒரு மண் அடைப்பை ஒதுக்கி, அங்கே உலர்புல் போடுங்கள். ஒரு பருவம் இப்படி ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு நிலம் குறைவா, படல் குறைவா என்பது தெரிந்துவிடும். நிலம்தான் குறைவு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

வாங்கும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பு அளந்துவிடுங்கள். வேலி வேறு, எல்லை வேறு. இதை இன்னும் பலமுறை சொல்ல வேண்டிவரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு குதிரைக்கு எத்தனை ஏக்கர் வேண்டும்?

மேலே இருக்கிறது.

கேள்வி: விற்பவர் எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கம். வேலியைக் காட்டி, "இதுதான் எல்லை" என்கிறார். அவரிடம் போய் அளக்க வேண்டும் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாரா?

அளப்பது அவருக்கும் நல்லது என்று சொல்லுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை; அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வேலி போட்டவர் கம்பு இறங்கிய இடத்தில் நட்டிருப்பார். பாறை வந்தால் விலகியிருப்பார், மரம் வந்தால் அதிலேயே ஆணி அடித்திருப்பார், ஓடை வந்தால் மேட்டுப் பக்கமாகவே போயிருப்பார். நான் பார்த்த ஒரு கிரயத்தில், வாங்குபவரின் லாயத்துப் பின்சுவரே விற்பவர் நிலத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த நிலத்தை மூன்றாமவர் வாங்கியிருந்தால் வழக்குதான்.

அளக்க வந்தவரோடு நீங்களும் நடங்கள். அவர் கல்லைத் தேடட்டும், நீங்கள் தடத்தைத் தேடுங்கள். தூரத்து மூலையில் யாரும் போகாத இடத்தில் ஒரு படல் இருந்து, அதன் தாழ்ப்பாள் மட்டும் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்தால், அந்த வழியே யாரோ தினமும் போய் வருகிறார்கள். அவருக்குப் பாதை உரிமை இருக்கிறதா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள், அவரிடமும் நேரில் கேளுங்கள். புதைத்த குழாய், தலைக்கு மேல் மின்கம்பி, இன்னொருவர் வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் எல்லாமே நிலத்தோடு சேர்ந்து வருபவை. வில்லங்கம் பார்க்க வக்கீல் வேண்டும், சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் பார்த்திருக்கும் நிலத்தில் நீண்ட காலமாக மாடுகள் மேய்கின்றன. எல்லாம் கொழுகொழுவென்று இருக்கின்றன. அப்படியென்றால் புல் நல்ல புல்தானே?

மாட்டுக்கு நல்ல புல். என்ன புல் என்று கேட்டீர்களா? வெப்பநாட்டு மேய்ச்சல் புற்களில் பலவற்றில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். கொழுக்கட்டைப் புல், செட்டேரியா, கிகுயு, பங்கோலா எல்லாம் அந்த வரிசை. ஆக்சலேட் புல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; குதிரையின் குடலுக்கு அது கிடைக்காது. இரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்பதற்காக உடம்பு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். சில மாதங்களில் குதிரை காரணம் தெரியாமல் அடியைக் குறுக்கி நடக்கும், நொண்டும், மெலியும். முற்றினால் முகத்து எலும்பு இரண்டு பக்கமும் புடைத்து வரும். குட்டியும் பால் கொடுக்கும் பெட்டையும் முதலில் பாதிக்கப்படும். நிலம் வாங்கிய மறு வருஷம் "குளம்பில் கோளாறு" என்று லாடம் அடிப்பவரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் சிலருக்கு உண்மையான காரணம் புல்லில் இருக்கும்.

அருகம்புல்லும் ரோட்ஸ் புல்லும் இந்த விஷயத்தில் பயமில்லாதவை.

மாடு வளர்க்கும் ஒருவர்: இதெல்லாம் பயமுறுத்தல். மாடு தின்று செழிக்கிற புல் குதிரையை எப்படிக் கெடுக்கும்? இரண்டும் புல் தின்னும் பிராணிதானே. என் மேய்ச்சல் நிலத்தில் ஒரு மட்டக்குதிரையும் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டும் புல்தான் தின்கின்றன, செரிக்கும் இடம் வேறு. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். கால்சியம் விடுபட்டுக் குடலுக்குப் போகும். குதிரைக்கு அந்த வேலை நடக்கும் இடம் பெருங்குடல். கால்சியம் உறிஞ்சப்படும் சிறுகுடலை அதற்குள் தீனி தாண்டிவிட்டிருக்கும். மாட்டுக்குக்கூடப் பழக்கம் வேண்டும். பழகாத மாட்டைப் பசியோடு கொண்டுபோய் இளம் செட்டேரியாவில் விட்டால் செத்தும் போகலாம். உங்கள் மட்டக்குதிரை வேறு என்ன தின்கிறது? குதிரைமசால் போடுகிறீர்களா?

அதே நண்பர்: போடுகிறேன், தினமும் ஒரு கட்டு. தவிடும் உண்டு.

அப்படியானால் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. குதிரைமசாலில் கால்சியம் அதிகம், அதுதான் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. தவிட்டைக் குறையுங்கள். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம். இந்தப் புல் இல்லாமலே தவிட்டை அள்ளிப் போட்டாலும் இதே எலும்பு நோய் வரும். மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு அந்தக் காலத்தில் வந்தது அப்படித்தான்.

வேறொருவர்: அப்போது கொழுக்கட்டைப் புல் இருக்கும் நிலத்தை வாங்கவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. வாங்குங்கள், ஆனால் புல்லை மாற்றும் செலவையோ, காலமெல்லாம் கால்சியம் கொடுக்கும் செலவையோ விலையில் கழித்துப் பேசுங்கள். எவ்வளவு கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். பயறு வகைச் செடிகளைக் கலந்து விதைப்பதும் உதவும்.

கேள்வி: வட்டி இப்போது குறைவா, பொறுத்திருக்கலாமா?

வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: விற்கிற எண்ணம் பக்கத்துக்காரருக்கு இன்னும் வரவில்லை. நானே போய்க் கேட்கலாமா? அவசரம் தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவாரே?

கேளுங்கள். ஒட்டிய நிலம் மற்றவர்களைவிட உங்களுக்கு அதிக மதிப்பு. அது அவருக்கும் தெரியும், மறைத்துப் பயனில்லை. இன்று விலை பேசாமல், "எப்போது விற்றாலும் முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்று எழுத்தில் வாங்கிவையுங்கள். வாய்ப்பேச்சு அவர் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. முடிந்தால் முதலில் குத்தகைக்கு எடுங்கள். குத்தகைக் காலத்துக்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மழையிலும் வெயிலிலும் அந்த நிலம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காசு முடக்காமலே பார்த்துவிடலாம். முழு நிலமும் பெரிதென்றால், மறுபக்கத்துக்காரரோடு பேசிப் பங்கிட்டு வாங்குங்கள். உச்ச விலையை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் பேசப் போங்கள்.

கேள்வி: நாலு ஏக்கர் சதுரமாக ஒன்று, நாலு ஏக்கர் நீளவாக்கில் ஒன்று. இரண்டும் ஒரே விலை. வித்தியாசம் உண்டா?

நல்ல கேள்வி. வேலியில் வித்தியாசம் உண்டு. நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 510 மீட்டர். அதே நாலு ஏக்கர் 40 மீட்டர் அகலத்தில் நீண்டு கிடந்தால் சுமார் 890 மீட்டர். முக்கால் பங்கு அதிக வேலி. ஆனால் நீளத்துண்டின் நீளப்பக்கம் முழுவதும் உங்கள் நிலத்தை ஒட்டியிருந்து, அங்கே நல்ல வேலி ஏற்கெனவே இருந்தால் கணக்கு மாறும். காகிதத்தில் வரைந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையும் அதிலேயே குறியுங்கள். சாதாரண நாளிலேயே ஒரு குதிரை 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், வெயிலில் இரண்டு மடங்குக்கும் போகும்.

கேள்வி: முள்கம்பி வேலி புதிதாகவே இருக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மிரண்ட குதிரை ஓடும். கால் மாட்டினால் நிற்காமல் இழுக்கும். முழங்காலுக்குக் கீழே சதை கிடையாது, தோலும் நரம்பும் எலும்பும்தான்; அங்கே ஆழமாகக் கிழிந்தால் ஆறுவது பெரும்பாடு. குதிரையை உள்ளே விடும் முன்பு கம்பியைச் சுருட்டிவிடுங்கள், புல்லுக்குள் விழுந்த ஆணிகளைக் காந்தம் வைத்துப் பொறுக்குங்கள்.

கேள்வி: முப்பது வருஷமாக இருக்கும் வேலி. அதையும் அளக்க வேண்டுமா?

அதைத்தான் முக்கியமாக அளக்க வேண்டும். அத்தனை வருஷம் யாரும் கேட்காமல் இருந்தால், வேலிக்கு உள்ளே இருப்பவர் அந்தத் துண்டுக்கு உரிமை கோர இடம் கொடுக்கும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு.

கேள்வி: பழைய பழத்தோட்டம் ஒன்று வருகிறது. மரங்களைப் பிடுங்கிவிட்டார்கள், புல் அருமையாக இருக்கிறது.

மண்ணைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல நாடுகளில் பழத்தோட்டங்களுக்கு ஈய ஆர்சனேட் தெளித்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். குதிரை தரையை ஒட்டிக் கடிக்கும்போது மண்ணும் வேரும் சேர்ந்தே உள்ளே போகும். வழக்கமான உர அளவுச் சோதனையில் இவை வராது. தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: எல்லையில் அரளி வரிசை, பூத்துக் குலுங்குகிறது. நிழலுக்கு விட்டுவைக்கலாமா?

வேரோடு எடுங்கள். கொஞ்சம் இலையே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். பச்சையாக இருக்கும்போது கசப்பால் பெரும்பாலும் ஒதுக்கும். காய்ந்த இலை புல்லோடு கலந்தால் ஒதுக்காது, விஷமும் போகாது. அதனால் வெட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எரிக்கவும் வேண்டாம், புகையும் கெடுதல். வெட்டியதை அள்ளி, குதிரை எட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: நாலு குதிரைக்கு ஆறு ஏக்கர் போதுமா?

முதல் கேள்வி.

கேள்வி: இரண்டு நிலத்தையும் ஒரே பத்திரமாக்கிவிடலாமா?

இடத்துக்கு இடம் சட்டம் மாறும், வக்கீலிடம் கேளுங்கள். பொதுவாக நான் அவசரப்பட வேண்டாம் என்பேன். தனியாக இருந்தால் நெருக்கடியில் அதை மட்டும் விற்கலாம், அதை மட்டும் அடமானம் வைக்கலாம். ஆனால் அதற்கென்று தனிப் பாதை இருக்க வேண்டும். உங்கள் நிலம் வழியாகத்தான் போக முடியும் என்றால் தனியாக விற்பது பேச்சுக்குத்தான்.

கேள்வி: நிலத்தைப் பார்க்க எந்த நேரம் நல்லது?

பெருமழை பெய்த மறுநாள் ஒரு தடவை, கோடை முடிவில் ஒரு தடவை. மழைக்குக் காத்திருக்க முடியாவிட்டால் கோரை எங்கே முளைத்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே தண்ணீர் நிற்கும், அங்கே லாயமோ படலோ வைக்க முடியாது.

மாடு வளர்க்கும் அதே நண்பர்: சரி, என் புல்லைச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கிறேன். பிறகு பேசுவோம்.

நல்லது. கால்சியம், பாஸ்பரஸ், ஆக்சலேட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மாடு விட்டுவைத்த முற்றிய தண்டை வெட்டாதீர்கள். மட்டக்குதிரை எதைக் கடிக்கிறதோ அந்தத் துளிரைப் பல இடத்திலிருந்து சேர்த்து அனுப்புங்கள்.